சாரலில் தீ மூட்டுகிறவள்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் லேசில் விடாது. கொட்டித் தீர்க்கவும் செய்யாது, வானம் வெறிக்கவும் செய்யாது. துவைத்த துணி காயாமல் நாற்றமெடுக்கும். உப்பு ஜாடி கசியும். தீக்குச்சியை உரசினால் மருந்து வழித்துக்கொண்டு போகுமே தவிர தீ வராது. அப்படிப்பட்ட நாளில் வெட்டவெளியில் தீ மூட்டச் சொன்னால் மற்றவர்களுக்கு எரிச்சல் வரும். அக்காவுக்குக் கண் பளபளக்கும். சேலைக்கு மேல் போட்டிருக்கும் ஆம்பளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "வாட்டி ரகுமத்து, வந்து வேடிக்கை பாரு" என்று கிளம்பிவிடுவாள்.

இலத்தூர் போகும் பக்கம் அவளுடைய அப்பா விட்டுப்போன மாந்தோப்பு ஒன்று இருந்தது. அதில் கூடாரங்கள் அடித்து, சீசனுக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டாள். பகலெல்லாம் ஐந்தருவியிலும் மெயினருவியிலும் குளித்துவிட்டு உதடு வெளுத்து வருகிறவர்களைச் சாயங்காலம் தீயைச் சுற்றி உட்கார வைப்பதுதான் அந்த இடத்தின் கவர்ச்சி. சமையல் என் பொறுப்பு. பிரியாணி, பரோட்டா, சுக்குக் காபி எல்லாம் நான். தீ அக்காவின் பொறுப்பு. அதில் வேறு யாரும் கை வைக்க முடியாது. ஆசைப்பட்டு ஒரு சுள்ளியை எடுத்து நீட்டினால்கூட, "வச்சிட்டுப் போட்டி" என்பாள்.

தரையில் கிடக்கும் விறகை அவள் தொடவே மாட்டாள். "கீழ கெடக்கது பூராம் தண்ணி குடிச்சுக் கெடக்கு. மரத்துலயே செத்து நிக்குதுல்லா, அதப் பாரு" என்று எட்டி எட்டி ஒடிப்பாள். டக்கென்று ஒடிந்தால் மடியில் போடுவாள். வளைந்து கொடுத்தால் தூர எறிவாள். ஈர மண்மேல் தீ வைக்க மாட்டாள். தென்னை மட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அதன்மேல்தான் அடுக்குவாள். பெரிய கட்டைகளை அரிவாளால் பிளந்து உள்ளே இருக்கும் காய்ந்த பாகத்தைச் சீவி எடுப்பாள். பற்றவைக்கிற தேங்காய்க் கதம்பை நாரை மட்டும் முந்தின நாளே என் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்துவிடுவாள். அரிசி ஈரத்தைக் குடித்துவிடுமாம். ஒருமுறை அந்த நார் சோற்றோடு வெந்து, ஒரு தூத்துக்குடிக் குடும்பம் "பிரியாணில முடி கெடக்கு" என்று என்னிடம் சண்டைக்கு வந்தது. அக்கா ஓடி வந்து, அது முடி இல்லை, மூலிகை வேர் என்று சாதித்தாள். அவர்கள் அதைக் கேட்டு இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

முதலில் வெறும் புகைதான் வரும். கண்ணைக் கரிக்கும். சுற்றி நிற்கிறவர்கள் இருமுவார்கள். அவள் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, மண்ணில் முழங்கையை ஊன்றி ஊதிக்கொண்டே இருப்பாள். அரைமணி நேரம் ஆனாலும் ஊதுவாள். திடீரென்று உள்ளே ஒரு மஞ்சள் நாக்கு எட்டிப்பார்க்கும். அதன்மேல் ஒரு சிரட்டையைக் கவிழ்த்தால் தீ பிடித்துக்கொள்ளும். அவள் நிமிரும்போது மூக்கு நுனியில் கரி ஒட்டியிருக்கும்.

"நனைஞ்ச விறகுன்னு உலகத்துல ஒண்ணும் கெடையாதுட்டி. அவசரப்படுத ஆளுதான் உண்டு."

இதை அவள் சொல்லாத நாளே கிடையாது.

தோப்புக்கு வருவதற்கு முன்பு அவள் தென்காசிப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தாள். கழுத்தில் விசில் தொங்குவது அந்தக் காலத்துப் பழக்கம். கூடாரத்துக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிடக்கூட விசில்தான் ஊதுவாள். அந்த வேலை எப்படிப் போனது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அவளுடைய பிள்ளைகள் கோகோவில் தோற்றுப்போனதும், நடுவரோடு சண்டை போட்டு, கோப்பை கொடுக்கிற மேடையில் ஏறி, கொடுக்க விடாமல் நின்றிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். "நாங்க தோக்கலட்டி. அன்னைக்குக் கோடு சரியாப் போடல" என்று எனக்குச் சொல்லும்போதும் முகம் சிவந்தது.

அவளோடு பழகப் பழக எனக்கு அது பிடிபட்டது. அக்காவுக்குத் தோற்கத் தெரியாது. கேரம் ஆடித் தோற்றால் பவுடர் நமத்துவிட்டது என்பாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்தால் ரோடு சரிவு. பால் பொங்கி வழிந்தால் நான் குறுக்கே பேச்சுக் கொடுத்துவிட்டேன். ஒருமுறை விருந்தாளி வீட்டுச் சின்னப் பெண்ணிடம் ஷட்டில் ஆடித் தோற்றுவிட்டு, மட்டையில் ஈரம் ஏறிவிட்டது என்று அந்தப் பிள்ளையிடமே வாதாடினாள். நானும் கூடாரத்தில் வேலை பார்த்த மற்றவர்களும் அடுப்படியில் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். "அக்கா சொர்க்கத்துக்குப் போனாலும் வாசப்படி ஒசரம் சரியில்லன்னுதான் சொல்லுவா" என்று நான்தான் சொன்னேன். அது அவள் காதுக்கும் போய், அவளும் சிரித்தாள்.

அந்தப் பிடிவாதத்தால் நான் பிழைத்ததும் உண்டு. அதை மறைத்தால் நான் சொல்வது எதுவும் உண்மையாக இருக்காது.

என் வீட்டுக்காரர் சவூதியில் இருந்தார். என் மகளுக்குக் காய்ச்சல் வந்து, ஒரு மத்தியானம் கண் மேலே செருகி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. அவரைப் பெற்ற மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் போன் செய்தது அக்காவுக்குத்தான். கொட்டுகிற மழையில் ஸ்கூட்டரில் வந்தாள். என்னைப் பின்னால் உட்காரவைத்து, பிள்ளையை நடுவில் வைத்து, ஆம்பளைச் சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்தி, தென்காசிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஆஸ்பத்திரியில் இடம் இல்லை, திருநெல்வேலிக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். அக்கா வாசலில் கால் பரப்பி நின்றுவிட்டாள்.

"இந்தப் பிள்ள இங்கனதான் பொழைக்கும். நீங்க பாருங்க. நான் எங்கயும் போவமாட்டேன்."

கத்தவில்லை. நின்றாள், அவ்வளவுதான். கடைசியில் ஒரு டாக்டரம்மா வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். காய்ச்சல் இறங்கும் வரைக்கும் ஈரச் சேலையோடு அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள் அக்கா. என் மகள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டபோது, "பாத்தியா, நாம ஜெயிச்சிட்டோம்லா" என்று என் முதுகில் ஓங்கி அடித்தாள். என் கூடப்பிறந்தவள்கூட அப்படி அடித்ததில்லை. அன்றிலிருந்து அவளுக்காக நான் எதுவும் செய்வேன் என்றுதான் நினைத்திருந்தேன். என் மகள் அவளைப் பெரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். மாமியும் ஒன்றும் சொல்லவில்லை. பெருநாளைக்கு அக்காவுக்கென்று தனியாக ஒரு தூக்குச் சட்டியில் பிரியாணி எடுத்துவைக்கும் அளவுக்கு மாமியே மாறிப்போனாள்.

அடுத்த சீசனில் கேரளத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. சாரல் இல்லை, நல்ல மழை. "சேச்சி, ஈ மழயத்து தீ பிடிக்குமோ?" என்று ஒருத்தன் சிரித்தான். அக்காவுக்கு அது போதும். நாலு மரத்துக்கு நடுவே தார்ப்பாயைக் கட்டச் சொல்லி, அதற்கடியில் அவள் படுத்து ஊதி ஊதி, மழை சுற்றிலும் திரைபோல் இறங்கிக்கொண்டிருக்க, ஆள் உயரத்துக்குத் தீ எழுப்பிவிட்டாள். தார்ப்பாய் பொசுங்கிவிடும் என்று பிறகு அதை அவிழ்க்க வேண்டியதாயிற்று. மழை நேராக விழுந்தும் தீ அணையவில்லை. அந்த மலையாளிப் பையன்கள் அதைப் படம் பிடித்துப் போனில் போட்டுவிட்டார்கள். எங்கெங்கோ இருந்தெல்லாம் பார்த்தார்கள். அதன்பிறகு வந்தவர்கள் கூடாரத்தைப் பற்றிக் கேட்கவில்லை, அருவியில் தண்ணீர் விழுகிறதா என்றுகூடக் கேட்கவில்லை. "மழைல தீ வைக்கிற அக்கா நீங்கதானா?" என்றுதான் கேட்டார்கள். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா மாறினாள் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் கூடுதலானாள். புதுச் சட்டை தைத்துக்கொண்டாள். தீ மூட்டுவதற்கு முன்னால் விசில் ஊதிக் கூட்டம் சேர்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் படத்தைத் தானே போட்டுக் காட்டினாள். ஒரே ஒரு தடவை, யாரும் இல்லாதபோது என்னிடம் கேட்டாள்.

"ஏட்டி, ஒரு நாளு தீ பத்தாமப் போச்சுன்னா என்ன செய்ய?"

"பத்தலன்னா பத்தலன்னு சொல்லிட்டுப் போவோம். அடுப்படிக்குள்ள வந்து குளிர் காயச் சொல்லுவோம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

அந்த நாள் வந்தது. மதுரையிலிருந்து ஒரு குடும்பம், சொந்தக்காரர்களோடு பெரிய கூட்டமாக வந்திருந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு அறுபது வயது முடிகிறதாம். மகன் கேக் எல்லாம் வாங்கி வந்திருந்தான். அருவியில் வெள்ளம் என்று போலீஸ்காரர்கள் குளிக்க விடவில்லை. வந்ததிலிருந்து ஒன்றும் நடக்காமல் எல்லோரும் கடுகடுவென்று இருந்தார்கள். போதாததற்குச் சமையலறைக் கூரை ஒழுகி, அரிசிப் பானைக்குள்ளேயே தண்ணீர் இறங்கியிருந்தது. நாரை எடுத்தால் பிழியலாம் போல இருந்தது. மாலையில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே அக்கா ஆரம்பித்துவிட்டாள். சுள்ளி, சிரட்டை, சூடம் என்று எல்லாம் வைத்துப் பார்த்தாள். புகை வந்தது. உள்ளே ஒரு கங்கு சிவந்து கிடந்தது. அதற்குமேல் போக மாட்டேன் என்றது.

மகன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னக்கா, வீடியோல வேற மாதிரி இருந்துச்சுல்ல?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பு இல்லை, சும்மா சிரித்தார்கள். அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அக்கா எழுந்தாள். அவள் மூக்கில் கரி இருந்தது. அதை யாரோ ஒரு பெண் சுட்டிக்காட்டி இன்னொருத்தியிடம் ஏதோ சொன்னாள்.

அக்கா என்னிடம் வந்தாள். "காபி ஆயிட்டுல்லா? எல்லாத்தையும் அங்கன கூப்பிடு. குடிச்சிட்டு வரட்டும். அதுக்குள்ள எரியும் பாரு."

நான் கூப்பிட்டேன். எல்லோரும் அடுப்படிப் பக்கம் வந்தார்கள். அந்த அம்மாவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் காலைச் சூடாக்கிக்கொள்ள நாற்காலியைக் கங்குக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிர்ப்பக்கம் அக்கா. ஜெனரேட்டருக்கு வைத்திருந்த பெட்ரோல் பாட்டில் அவள் சட்டைக்குள்ளிருந்து வெளியே வந்தது.

"அக்கா, வேண்டாம்! அம்மா உக்காந்திருக்காங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் ஊற்றினாள். இதை நான் அடித்துச் சொல்லுவேன். பார்த்துவிட்டுத்தான் ஊற்றினாள்.

தீ எழவில்லை, பாய்ந்தது. அக்கா பின்னால் குதித்துவிட்டாள். பாட்டில் கைதவறிப் புதருக்குள் போனது. அந்த அம்மாவின் சேலையில் பிடித்துக்கொண்டது. அடுப்படி வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த ஈரச் சாக்கை இழுத்துக்கொண்டு நான் அவர்மேல் விழுந்தேன். சாக்கு போதவில்லை. மிச்சத்தைக் கையாலேயே அமுக்கினேன். நைலான் சேலையோ என்னவோ, உருகி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் ஓடி வந்தபோது அவர்கள் கண்டது, எரிந்த சேலையும், அதன்மேல் கிடந்த நானும், என் கையும்தான். அக்கா கொஞ்சம் தள்ளி நின்று விசிலை ஊதிக்கொண்டிருந்தாள். ஏன் ஊதினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே காயம். உயிருக்கு ஒன்றுமில்லை. எனக்கு இரண்டு கையும். ஆஸ்பத்திரியில் பஞ்சு சுற்றி, தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் ஒரு பெண் போலீஸ் வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நல்ல மனுஷிதான். என் மகள் என்ன படிக்கிறாள் என்றெல்லாம் கேட்டார். பிறகு, "ஏன்மா, நெருப்புல பெட்ரோல ஊத்தலாமா? அவங்க வேண்டாம்னு சொல்லச் சொல்ல ஊத்தியிருக்கியே" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "யாரு சொன்னது?" என்றேன்.

"ஒங்க முதலாளியம்மாதான். அழுதுட்டே சொன்னாங்க. ஒன்மேல கேஸ் கீஸ் போட்டுராதீங்கன்னும் அவங்கதான் கெஞ்சுனாங்க."

"நான் ஊத்தலம்மா. அவங்கதான் ஊத்துனாங்க. நான் அணைச்சேன்."

அவர் என் கைகளைப் பார்த்தார். இரக்கமாகத்தான் பார்த்தார். "ஊத்துனவங்க கைதானம்மா வேகும். அவங்களுக்கு ஒரு பொட்டு காயங்கூட இல்லையே" என்றார்.

நான் பிறகு பேசவில்லை என்று நினைக்க வேண்டாம். பேசினேன். கேட்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்த மதுரைக்காரர்களிடமும் சொன்னேன். அவர்களும், காபி கொடுத்துக்கொண்டிருந்த மற்ற வேலையாட்களும் பார்த்திருக்கவில்லை, அடுப்படி இரைச்சலில் நான் கத்தினதும் கேட்கவில்லை. காபிக்கு வந்துவிட்டார்கள், நான்தான் கூப்பிட்டேன். அந்த அம்மா மட்டும், "எனக்குக் கண்ணு கூசிருச்சு, யாரு ஊத்துனான்னு பாக்கல. சாக்கப் போட்டது இந்தப் பொண்ணு, அது தெரியும். கேஸெல்லாம் வேண்டாம், விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அதோடு முடிந்தது. எழுத்தில் ஒன்றுமில்லை. ஊரில் வாய்வழியாக மட்டும் எல்லாம் இருந்தது.

அக்கா வந்தாள். எப்படியும் வருவாள் என்று எனக்குத் தெரியும். ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டு, பார்வையாளர் நேரத்தில், தலை சீவிப் பூ வைத்து வந்தாள். என் கைகளைப் பார்த்ததும் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அது நடிப்பு இல்லை. ஒரு ஆப்பிளை நறுக்கி, ஒரு துண்டை என் வாயருகே கொண்டு வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஏன்க்கா இப்பிடிச் சொன்னீங்க?"

"மெதுவாப் பேசுட்டி."

"நான் கத்துனேன்லா? நீங்க என்னியப் பாத்தீங்கள்லா?"

அவள் ஆப்பிள் துண்டைத் தட்டில் வைத்தாள். அடுத்த கட்டிலில் இருந்தவள் தூங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு குனிந்து, என் மகளுக்குக் காய்ச்சலடித்தபோது பேசின அதே குரலில் சொன்னாள்.

"இங்க பாரு ரகுமத்து. எனக்கு ஒரு பேர் இருக்கு. நாலு பேருக்குத் தெரிஞ்ச மூஞ்சி. அது போச்சுன்னா தோப்பே போச்சு. ஒனக்கு என்னட்டி? ஒன்னிய யாருக்குத் தெரியும்? சமையக்காரி தெரியாம ஊத்திட்டான்னா நாளைக்கே மறந்துருவானுவ. நான் பாத்துக்கிடுதேன். ஒன்னிய விட்டுற மாட்டேன்."

எனக்குக் கை எரிந்தது அப்போது தெரியவில்லை. வேறெங்கோ எரிந்தது. இந்த மனுஷிக்கு நான் இவ்வளவு நாளும் சிரித்ததும், சமைத்ததும், என் பிள்ளை பெரியம்மா என்று கூப்பிட்டதும் எல்லாம் எந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்தது என்று நினைத்தேன். "போயிட்டு வாங்க" என்றேன். 'போங்க' என்று சொல்லத்தான் நினைத்தேன், வாய் பழக்கத்தில் அப்படி வந்தது.

அவள் சொன்னபடி ஊர் மறக்கவில்லை. கை ஓரளவு மடங்க ஆரம்பித்ததும், பக்கத்தில் ஒரு பிள்ளைகள் விடுதியில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள் என்று போனேன். வார்டன் நன்றாகத்தான் பேசினார். எழுந்திருக்கும்போது என் கையைப் பார்த்தார். "அந்தத் தோப்புல பெட்ரோல் ஊத்துனது நீங்கதானா?" என்றார். இல்லை என்றேன். "பிள்ளைங்க இருக்கிற எடம்மா, தப்பா நெனைக்காதீங்க" என்றார். வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டு, "ஊர்க்காரன் இங்க வந்து சொல்லுதான், என்ன ரகுமத்து செஞ்ச?" என்று கேட்டார். நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று அந்தப் போனில் எனக்குத் தெரியவில்லை. மாமிதான் நம்பினாள். "அவ ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும், கண்ணுல தண்ணி வருது, கையி மட்டும் பத்திரமா இருக்கு" என்றாள். அந்தத் தூக்குச் சட்டியை எடுத்துக் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போட்டுவிட்டாள். மகளிடம் ஒன்றும் சொல்லாமல் தவிர்த்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து அவளே கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். "பெரியம்மா ஏம்மா பொய் சொன்னாங்க?" என்றாள். அவளைப் பிழைக்க வைத்தவளைப் பற்றி நான் அவளிடம் என்ன சொல்ல? சோறு பிசைந்து கொடுக்கப் போனேன். விரல் மடங்கவில்லை. அவளே பிசைந்து எனக்கு ஊட்டினாள்.

இப்போது வீட்டிலேயே இடியாப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிறேன். பிழியும்போது மட்டும் வலது கை இழுக்கும். மற்றபடி குறையில்லை.

சென்ற சீசனில் மகளுக்கு உடுப்பு எடுக்கத் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். மேல் மாடியில் துணி பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து என் தோளில் ஒரு அடி விழுந்தது. திரும்பாமலே தெரிந்தது.

"ஏட்டி! எளச்சுப் போயிட்டியே!"

அக்கா கொஞ்சம் கனத்திருந்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அவளோடு இரண்டு பெண்கள், கூடாரத்துக்கு வந்த விருந்தாளிகளாக இருக்க வேண்டும். அக்கா என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, அவர்களுக்குக் காட்டினாள்.

"நான் சொன்னேன்லா, நம்ம ரகுமத்து, இவதான். பாவம், அவசரப்பட்டு ஊத்திட்டா. எனக்கு அவ்வளவு நஷ்டம், அவ்வளவு கெட்ட பேரு. ஒரு வார்த்த கேட்டிருப்பனா இவள? கேஸு ஆகவிடாமப் பாத்ததும் நான்தான். நம்ம பிள்ளைல்லா, மன்னிச்சு விட்டுட்டேன்."

அந்தப் பெண்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். எவ்வளவு கொடுத்துவைத்தவள் நான் என்கிற தலையசைப்பு. நான் கையை உருவிக்கொண்டேன்.

"ஊத்துனது நீங்கக்கா" என்றேன். சத்தமாகவே சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

அக்காவின் முகத்தில் கோபம் வரும், அல்லது பயம் வரும் என்று பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலைத் திரும்பிப் பார்த்த மாதிரி ஒரு தடவை சுற்றிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அவள் நிஜமாகவே ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு, வலியில் உளறுகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவள் முகம் இளகியது. நான் கோபப்படவாவது ஆள் வேண்டுமே. ஊற்றினவள் அந்த முகத்துக்குள் எங்கேயும் இல்லை. அவளை அக்கா எப்போதோ துரத்திவிட்டு, அந்த இடத்தில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தாள்.

"இன்னும் அதையே நெனச்சிட்டிருக்கியாட்டி? விடு" என்று என் கன்னத்தைத் தட்டினாள். "சாரல் பிடிச்சிட்டு. ஆளு வந்து குமியுது. நீ இல்லாம அடுப்படி அடுப்படியாவே இல்ல. இந்த சீசனுக்கு வந்துரு, என்ன?"

அவள் கை என் கன்னத்தில் சூடாக இருந்தது. மழையில் என் பிள்ளையைப் போர்த்திக்கொண்டு போன கை. எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது: "வாரேன்க்கா."

பல்லைக் கடித்துக்கொண்டேன். எடுத்து வைத்திருந்த உடுப்பை மேஜையிலேயே போட்டுவிட்டுப் படியிறங்கினேன். பின்னால் அவள் கூப்பிட்டது கேட்டது. கடைக்கு வெளியே வந்த பிறகும் அந்த வார்த்தை வாய்க்குள்ளேயே இருந்தது. சாரலில் நனைந்தபடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். அவள் செய்ததை நினைத்து எனக்கு அழுகை வரவில்லை. அந்த வார்த்தை வரப் பார்த்ததே, அதை நினைத்துத்தான் அழுதேன்.